முதல் காளாஞ்சியும் ஓர் இளவரசனும்

கடல் ஊருக்குள் வந்த நான்காம் மாதம் எங்கள் ஊருக்கு ஓர் இளவரசன் வந்தான். வந்து என் அத்தான் வீட்டில் மூன்று மாதம் இருந்து சோறு தின்றான். கெளுத்தி மீனில் முள் எடுக்கத் தனக்குத் தெரியாது என்றான். பெற்ற பிள்ளைக்குக்கூட ஒருநாளும் முள் எடுத்துக் கொடுக்காத என் அத்தான், அவனுக்கு முன்னால் குந்தியிருந்து மீனைப் பிய்த்து முள் எடுத்துக் கொடுத்தார். இதை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தேன். ஆகவே இங்கே அவனைத் திட்டும்போதெல்லாம் எனக்கும் ஒரு பங்கு உண்டென்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பது என் தொழில். என்னைப் போன்ற பயந்தவனுக்கு ஏற்ற தொழில் அல்ல அது. மழை வருமா, வயர் எங்காவது அறுந்து கிடக்குமா, பொலிஸ் தந்த அனுமதிக் கடிதம் சட்டைப் பையில் இருக்கிறதா, சோதனைச் சாவடியில் அம்ப்ளிபயரைக் கழற்றிக் காட்டச் சொல்வார்களா என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருக்கும். ஊர் சாமி கும்பிடுகிற நேரத்தில் நான் பியூஸைக் கும்பிட்டுக்கொண்டிருப்பேன்.

என் அக்காவைக் கடல் கொண்டுபோனது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை கரைவலை மீன் வாங்கப் போனவள். உடல் கிடைக்கவில்லை. அத்தானும் இருபத்திரண்டு வயது மகளும் மிஞ்சினார்கள். ஊரில் மற்றவர்களுக்குப்போல அவர்களுக்கும் வாவிப் பக்கமாக ஒரு வீடு கிடைத்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான், அதனால் வீட்டு உறுதிப் பத்திரத்தை மகளின், அதாவது என் மருமகளின், பெயரில் எழுதினார்கள். இரண்டு அறை, ஒரு விறாந்தை, இடுப்பளவில் நின்றுபோன ஒரு குசினிச் சுவர். கட்டிக்கொடுத்த வெளிநாட்டுக்காரர்கள் அந்தச் சுவரோடு வேலையை நிறுத்திவிட்டுத் தங்கள் நாட்டுக்குப் போய்விட்டார்கள்.

இனி இளவரசனுக்கு வருகிறேன். அதற்கு முன் எங்கள் கோயில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். திருவிழாவின் கடைசி நாள் பூசை முடிந்ததும் ஒவ்வொரு குடியாகப் பெயர் கூப்பிட்டு வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய்ப் பாதி வைத்த தட்டத்தைக் கொடுப்பார்கள். அதுதான் காளாஞ்சி. எந்தக் குடிக்கு முதலில், எந்தக் குடிக்குப் பிறகு என்பதில் எங்கள் ஆட்கள் மண்டை உடைத்திருக்கிறார்கள். முதல் காளாஞ்சி, அந்தக் காலத்தில் இந்தப் பக்கத்தை ஆண்ட வன்னிமையின் வழிக்கு. அந்த வழியில் கடைசியாக இருந்த ஒரு பெண், வெள்ளைக்காரன் காலத்தில் புருசனோடு எங்கேயோ போனாள், திரும்பவில்லை. அன்றிலிருந்து வெள்ளைத் துணி விரித்த ஒரு வெறும் முக்காலிக்கு முன்னால் நின்று வண்ணக்கர் மூன்று தரம் கூப்பிடுவார். வண்ணக்கர் என்றால் கோயில் நிர்வாகி. யாரும் வரமாட்டார்கள். தட்டத்தை முக்காலியில் வைத்துவிட்டு அடுத்த குடியைக் கூப்பிடுவார். அந்த மூன்று கூப்பாடும் என் மைக்கில்தான் போகும். வருசா வருசம் எனக்கு அந்த நேரம் ஒரு பயம் வரும், யாராவது "ஓம், வாறன்" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று.

அந்த முக்காலிக்குத்தான் ஆள் வந்தது.

அவன் வந்த நேரம் அப்படி. பிறப்புச் சாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, காணி உறுதி எல்லாமே கடலோடு போயிருந்தன. ஊரில் எல்லாரும் தாங்கள் யாரென்று வாயால் சொல்லித்தான் நிவாரண அட்டை வாங்கினோம். "நான் இன்னாரின் மகன்" என்று நான் சொல்லும்போது எழுதுகிறவர் நம்பினார். அப்படியிருக்க "நான் வன்னிமையின் வாரிசு" என்று ஒருவன் சொன்னால் எந்த முகத்தோடு அத்தாட்சி கேட்பது? அவனிடம் இருந்ததெல்லாம் ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டி. பட்டினத்துக் கடைத்தெருவில் அதைவிட நல்ல பெட்டிகள் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அவன் அதைத் திறந்து வெற்றிலை எடுக்கிற விதத்தைப் பார்த்தே பாதி ஊர் விழுந்துவிட்டது. பேச்சும் நாடகப் பேச்சு. "எமது முன்னோர்" என்பான், "யாம் அறிவோம்" என்பான். ஒருநாள் அத்தான் வீட்டு வேலியோரம் செவ்வெறும்பு கடித்தபோது மட்டும் "ஐயோ அம்மா" என்று எங்களைப் போலவே கத்தினான்.

அவன் உரிமையை விசாரிக்க முதல் கூட்டம் கோயில் வீதியில் தறப்பாள் பந்தலுக்குக் கீழே காலையில் நடந்தது. மைக் என்னுடையது. வண்ணக்கர் கேட்டார்.

"தம்பி, நீங்க வன்னிமைர வழி எண்டு சொல்லுறீங்க. எப்பிடி வழி?"

அவன் எழுந்து துணியைச் சரிசெய்தான். "எமது தந்தையார், அவருடைய தந்தையார், அவருடைய தந்தையார்…" என்று ஐந்தாறு தந்தைமாரை வரிசையாக அடுக்கினான்.

பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் ஒரு சிரிப்பு வந்தது. பிறகு பந்தலே சிரித்தது.

"என்னகா இவர், அப்பன் அப்பனா ஏறிப் போறார்?"

"ஏணியைப் பிழையான சுவரில சாத்திப்போட்டார்!"

வெளியூர் வாசகருக்கு இந்தச் சிரிப்பு விளங்காது. எங்களுக்குக் குடி தாய்வழி. தகப்பன் ராசாவாக இருந்தாலும் பிள்ளை தாயின் குடிதான். ஒருவன் யாரென்று அறிய எந்த வயிற்றில் பிறந்தாய் என்றுதான் கேட்போம். ஒரே குடியில் பிறந்த ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராவிட்டாலும் அண்ணன் தங்கைதான். அவர்களுக்குள் கலியாணம் இல்லை. இது எங்கள் ஊரில் மூக்குச் சளி துடைக்கத் தெரியாத பிள்ளைக்கும் தெரியும். இளவரசனுக்குத் தெரியவில்லை.

அன்றே அவனைப் பேருந்தில் ஏற்றியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஆட்களுக்கு ஒரு ராசா தேவைப்பட்டார். "ரத்தம் ரத்தம்தானே" என்றார் ஒருவர். "வெளியூரில வளந்த புள்ள, முறை மாறிச் சொல்லியிருக்கும்" என்றார் இன்னொருவர். திருவிழாவுக்கு முன் இன்னொரு கூட்டம் வைத்து முடிவு சொல்வதாக வண்ணக்கர் ஒத்திவைத்தார்.

இரண்டு கூட்டத்துக்கும் இடையில் இரண்டு காரியம் நடந்தது. ஒன்றை அத்தான் செய்தார். மற்றதை ஊரின் ஓய்வுபெற்ற வாத்தியார் செய்தார். ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒரே ஆள் நான். ஆண்டவன் இப்படியான வேலைகளுக்கு என்னைப் போன்ற நடுங்கியைத்தான் தேடிப் பிடிப்பான்.

அத்தான் என் கடைக்கு வந்து, வயர் சுற்றிக்கொண்டிருந்த என் கையைப் பிடித்தார்.

"மச்சான், புள்ளையை அவருக்குக் குடுக்கப் போறன். காளாஞ்சி கிடைச்ச கையோட ஊருக்குச் சொல்லுறது. அதுவரைக்கும் நீ பறையாத."

"அத்தான், ஆரெண்டே தெரியாத ஆள்…"

"தகப்பன் வழியில ராசா. தாய் என்ன குடியோ, எங்கட புள்ளைர குடியில்லைதானே? முறை சரி. நீ தாய்மாமன். சந்தோசமா ஓம் எண்டு சொல்லு."

 எங்கள் பக்கத்தில் தாய்மாமன் என்பது பொறுப்பான பதவி. அன்று பின்னேரமே மருமகளிடம் போனேன். அவள் அந்த அரைச் சுவருக்குள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். வாவிக் காற்று அணைத்துக்கொண்டிருந்தது.

"புள்ள, உனக்கு அவனில விருப்பமா?"

"எந்த விருப்பம் மாமா? வெற்றிலைப் பெட்டியிலயா?" என்றாள். பிறகு அடுப்பைப் பார்த்தபடி சொன்னாள். "அம்மா போன பிறகு அப்பா ஒரு பிடி சோறு ஒழுங்காத் தின்னயில்ல. அந்தாள் வந்த பிறகுதான் தின்னுறார். அதுக்கு நான் அவனைக் கட்டோணும் எண்டா கட்டுறன்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மூன்றாம் நாள் வாத்தியார் வந்தார், பெருமையோடு. "நான் அந்தப் புள்ளைக்கு எல்லாம் படிப்பிச்சிட்டன். போன கூட்டத்தில தகப்பன் வழி எண்டு சொன்னது பிழை. தாய், தாய்க்குத் தாய் எண்டு போய் அந்தப் போன பெண்ணில முடிக்கச் சொல்லியிருக்கன். நல்ல பாடம் வருது அவனுக்கு. இனி ஒருத்தரும் அசைக்க ஏலா."

என் கையிலிருந்த திருகாணி கீழே விழுந்தது. வன்னிமையின் குடி எங்கள் குடி. என் அக்காவின் குடி, மருமகளின் குடி. தாய்வழியில் அவன் வாரிசென்றால் அவன் அவளுக்கு அண்ணன். வாத்தியார் அவனை ராசாவாக்கப் போய் மாப்பிள்ளையைக் கொன்றுவிட்டார். இது அவருக்கும் தெரியாது, அத்தானுக்கும் தெரியாது. அந்த மடையனுக்கோ எதுவுமே தெரியாது.

எனக்கு நித்திரை போனது. சொன்னால் அத்தான் மறுபடி சோற்றைத் தள்ளிவைப்பார். சபையில் மருமகளின் பெயர் அடிபடும். சொல்லாவிட்டால், காளாஞ்சி வாங்கியபிறகு ஊர் வாய்மூடிக் கிடக்கும். முறை கெட்ட கலியாணத்தையும் "ராச குடும்பத்தில அப்பிடித்தான்" என்று சொல்லி முடித்துவைக்க ஆள் இருக்கும். ஒலிபெருக்கி ஹோர்ன் ஒன்றுக்குக் கம்பிச் சுருள் சுற்ற ஓட்டமாவடிக்குப் போனபோது, அங்கே பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிற, நான் காக்கா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சிரித்தார்.

"எங்களுக்கும் குடி உம்மாட வழிதான் தம்பி. இந்தப் பிழையை எங்கட ஊர்ப் பைத்தியமும் விடாது. உன்ட ராசா ராசாவுமில்ல, கள்ளனுமில்ல. கள்ளனெண்டா ஊரைப் படிச்சிட்டெல்லோ வருவான்?"

"நான் என்ன செய்யிறது காக்கா?"

"நாலு ஹோர்ன் கட்டி ஊரையே கேக்க வைக்கிறாய். உன்ட வாயில ஒண்டைக் கட்டன்."

இரண்டாம் கூட்டத்துக்கு நாவற்குடாவில் இருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். முக்காலியைக் கழுவி, புது வெள்ளை விரித்து, பந்தலின் நடுவில் வைத்திருந்தார்கள். அவன் அதைப் பார்த்த பார்வையில் ஒரு பசி இருந்தது. நல்ல குடும்பத்து நாய்கூட அடுத்த வீட்டு அடுப்பை அப்படிப் பார்க்காது.

இம்முறை பாடம் சுத்தமாக வந்தது. "எம்மைப் பெற்ற தாய், அவரைப் பெற்ற தாய், அவரைப் பெற்ற தாய்…" வாத்தியார் முன்வரிசையில் இருந்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். கடைசித் தாயில் அவன் நிறுத்தியதும் ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள். அத்தான் கைகூப்பினார்.

வண்ணக்கர் சபையைப் பார்த்தார். "அப்ப, ஆருக்கும் ஏதும் சொல்ல இரிக்கா?"

 ஒருவர் பேசி முடித்ததும் மைக்கை வாங்கி அடுத்தவருக்குக் கொடுப்பது என் வேலை. அவனிடமிருந்து மைக்கை வாங்கினேன். அடுத்தவர் இல்லை. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனதில் மைக் கரகரத்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் குரலை என் ஹோர்னில் நான் முதன்முதலாகக் கேட்டேன்.

"ஒரு கேள்வி. நானும் அந்தக் குடிதான். அப்ப வயசைப் பாத்தா இவர் எனக்கு மருமகன் முறை."

"ஓ, உனக்கு ராச மருமகன்!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். சிரித்தார்கள்.

"அப்ப என்ட அக்காட மகள் இவருக்கு என்ன முறை?"

சிரிப்பு நின்றது. அத்தான் எழும்பினார். எழும்பி, என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். கலியாணப் பேச்சு ஊருக்குச் சொல்லாத இரகசியம். ஆனால் எங்கள் ஊரில் இரகசியம் என்பது எல்லாரும் தனித்தனியாக அறிந்துவைத்திருக்கிற செய்தி. அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் சபைக்கு விளங்கிவிட்டது.

அவனுக்கு மட்டும் இன்னும் விளங்கவில்லை. வாத்தியார் இழுத்துக் காதில் சொன்னார். முகம் மாறியது. "எமது வம்சம் முறைகளைக் கடந்தது" என்றான்.

வண்ணக்கர் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாகச் சொன்னார். "முறையைக் கடந்தா முக்காலியையும் கடந்துதான் போகோணும் தம்பி. ஒண்டு, இந்தக் குடி. இல்லாட்டி, அந்தப் புள்ள. ரெண்டும் ஏலா. சொல்லுங்க."

அவன் அத்தானைப் பார்த்தான். மூன்று மாதம் முள் எடுத்துக் கொடுத்த மனுசனை. பிறகு முக்காலியைப் பார்த்தான். அதிகம் யோசிக்கவில்லை.

"அவள் எமக்குத் தங்கை" என்றான்.

மருமகளைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டில் அவன் உட்கார்ந்துவிடுவான் என்று அத்தனை நாளும் பயந்தவன் நான். ஆனாலும் ஒரு வெற்றிலைத் தட்டத்துக்காக அவளை அவன் அப்படி உதறியபோது எனக்கு நிம்மதி வரவில்லை. அவன் முகத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. மைக் கையில் இருந்ததால் துப்பவில்லை.

பெண்கள் பக்கத்தில் மருமகள் எழும்பினாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"சரி, அண்ணன்தான். எனக்குக் கூடப்பிறந்த ஆக்களில்ல, ஒரு அண்ணன் கிடைச்சது சந்தோசம். ஆனா அண்ணா, எங்கட ஊரில அண்ணன்மார் தங்கச்சிக்கு வீட்டைக் கட்டிக் குடுத்திட்டுத்தான் மறுகா தங்கட காரியம் பாக்கிறது. என்ட குசினிச் சுவர் இடுப்பளவில நிக்குது. கல்லு கிடக்கு, மண் கிடக்கு. நாளைக்குக் காலமை வந்து கட்டுங்க. சுவர் எழும்பினா காளாஞ்சியை நானே தூக்கித் தாறன்."

பந்தல் அதிர்ந்தது. "அதானே! அண்ணனெண்டா கட்டத்தானே வேணும்!" "ராசா, மேசன் கரண்டி பிடிப்பீங்களா?" "முள்ளெடுக்கத் தெரியாது, கல்லெடுக்கத் தெரியுமா எண்டு கேளுங்க!" வண்ணக்கர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கூட்டத்தை முடித்தார். "சுவர் எழும்பட்டும். மறுகா பாப்பம்."

அவன் அன்று இரவே ஓடியிருந்தால் கொஞ்சம் மதித்திருப்பேன். ஓடவில்லை. காலையில் வந்தான். அரை ஊர் வேலியில் நின்று பார்க்க, சாந்து குழைக்கத் தெரியாமல் குழைத்து, ஒரு வரிசை கல் வைத்தான். வாவியில் பாம்பு போகிறதுபோல அந்த வரிசை வளைந்து போனது. மத்தியானம் குளித்துவிட்டு வருகிறேன் என்று அத்தானின் புதுச் சாரத்தை உடுத்துக்கொண்டு போனான். அவ்வளவுதான். வெற்றிலைப் பெட்டியை விட்டுவிட்டுப் போயிருந்தான். உள்ளே அடியில் கடைக்காரனின் விலைச் சீட்டு ஒட்டியபடி இருந்தது.

அத்தான் இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் பயந்தது அதைத்தான். மூன்றாம் நாள் நான் போனபோது அந்த வளைந்த வரிசைக்கு மேலே அவர் கல் வைத்துக்கொண்டிருந்தார். நான் சாந்து எடுத்துக் கொடுத்தேன்.

"அந்த வரிசையைக் கழற்றிப்போட்டு வைக்கலாமே அத்தான்?"

"கிடக்கட்டும் எண்டு புள்ள சொல்லுது." அடுத்த கல்லைத் தட்டி வைத்துவிட்டு, என்னைப் பாராமல் சொன்னார். "நான் மடையன் எண்டு ஊர் சொல்லும். சொல்லட்டும். அந்தக் காலத்தில போனவள்ட வழியே திரும்பி வரும் எண்டா, மச்சான், போன மார்கழியில போனவள்…"

நான் சாந்துச் சட்டியை நீட்டினேன். வேறு என்ன செய்வது? அன்று மத்தியானம் மருமகள் சோறு போட்டாள். அத்தான் தின்றார். முள்ளைத் தனக்குத்தான் எடுத்தார்.

அந்த வருசத் திருவிழாவில் வண்ணக்கர் முக்காலிக்கு முன்னால் நின்று மூன்று தரம் கூப்பிட்டார். ஒருவரும் வரவில்லை. எனக்குப் பயமும் வரவில்லை.

அவனை மறுபடி பார்த்தது யுத்தம் முடிந்த பிறகு. ஓட்டமாவடியில், காக்காவின் கடைக்கு முன்னால், பொலன்னறுவைப் பேருந்துக்கு நின்றான். வெற்றிலைப் பெட்டிக்குப் பதிலாகக் கையில் ஒரு கோப்பு. பக்கத்தில் ஒரு தாய், பொலித்தீன் உறைக்குள் ஒரு படத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. காணாமல் போன பிள்ளைகள் எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று தனக்குத் தெரியும், கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தான். இப்போது "யாம்" இல்லை, அதிகாரிகளின் பேச்சு. என்னைக் கண்டதும் ஒரு கணம் திடுக்கிட்டு, பிறகு பல்லைக் காட்டினான்.

"சுகமா மாமா?"

 நான் அந்தத் தாயின் பக்கம் திரும்பிச் சொன்னேன். "அம்மா, இவர் எங்கட ஊரில ராசாவா இருந்தவர். தங்கச்சிக்கு ஒரு சுவர் கட்ட ஏலாம ஓடினவர். இவரா உங்கட மகனைக் காட்டுவார்? இவரோட போகாதீங்க."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பொய்யாத்தான் இரிக்கும் மகன்" என்றாள். "ஆனா என்ட புள்ள இரிக்கான் எண்டு சொல்லுற ஆள் வேற ஆர் இரிக்கா?"

அந்தப் பதிலுக்காக அவனை மன்னிக்கலாம் என்று சிலர் நினைப்பார்கள். நான் மன்னிக்கவில்லை. அந்தப் பதில் கிடைக்கிற இடமாகப் பார்த்துப் பார்த்துப் போய் நிற்கிறானே, அதற்காகத்தான் அவனை முன்னிலும் அதிகமாக வெறுத்தேன். காக்கா கடைக்குள்ளிருந்து எழும்பி வந்து அந்தத் தாயை உள்ளே கூப்பிட்டு, கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்தார். பேருந்து வந்தது. அவன் தனியாக ஏறிப் போனான். அவள் அடுத்த பேருந்துக்குப் போனாளா, வீட்டுக்குத் திரும்பினாளா என்று தெரியாமல்தான் நான் வந்தேன். இன்றுவரை அது எனக்குக் கவலை.

அன்று பின்னேரம் மருமகளிடம் இதைச் சொன்னேன். அவளுக்குக் கலியாணமாகி, ஒரு பெண்பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது. வாவிக் காற்று வெளியே நின்றது. அடுப்பு நின்று எரிந்தது. சுவரின் நடுவில் அந்த ஒரு வரிசை மட்டும் இன்னும் வளைந்து கிடந்தது. சுண்ணாம்பு அடித்தும் மறையவில்லை.

கேட்டு முடித்தவள் அகப்பையைச் சட்டியில் தட்டினாள்.

"அண்ணன் வாறாராமா? மிச்சச் சுவரைக் கட்ட?"